கறுப்புப் பெயின்டுக்கு அடியில்

இளவழகனுக்கு வெல்டிங் வராது என்று சொன்னால் நாமக்கல் பட்டறைகளில் எவனும் நம்ப மாட்டான். லாரிக்குப் பாடி கட்டுகிற காளியண்ணன் பட்டறையில் கை வைத்த நாளிலிருந்து, அவன் பற்ற வைத்த இடம் விட்டுப்போனதாக ஒரு பேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவன், சொந்தத் தங்கை புருஷனுக்குச் செய்து கொடுத்த வண்டியில் போய் அப்படி ஒரு காரியத்தைச் செய்து வைத்தான். என்னத்தைச் சொல்ல! தெரியாமல் செய்திருந்தாலாவது மனசு ஆறும். தெரிந்தே செய்தான்.

தங்கை ரஞ்சிதாவைக் கட்டிக்கொடுத்த இடம் சேலத்தை ஒட்டின கொண்டப்பநாயக்கன்பட்டி. மாப்பிள்ளை சபரிநாதனுக்கு ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடத்திலேயே செல்போன் கடை. நாள் முழுக்க மலைக்குப் போகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பாபர் வண்டி வேண்டுமாம். அதாவது, பின்பக்கம் ஷாக் அப்சார்பரே இருக்காது. சேஸிஸ் குழாய் நேராகப் போய்ப் பின்சக்கரத்து அச்சில் முட்டி நிற்கும். மட்கார்டைக் கத்தரித்து, ஆள் ஒருத்தர் மட்டும் உட்காரச் சீட்டுப் போட்டு, குண்டு டயர் மாட்டினால் வண்டி தரையோடு தரையாகப் பதுங்கிப் போகும். பள்ளத்தில் விழுந்தால் இடுப்பெலும்பு சேதி சொல்லும். காசு கொடுத்து அவஸ்தையை வாங்குவானேன் என்று நமக்குத் தோன்றும். ஆசைப்பட்டவனிடம் அதையெல்லாம் சொல்லிப் பிரயோசனமில்லை.

அந்த மாதிரி வண்டியைச் செய்து தருகிற கடைகளில் கேட்ட விலைக்கு மாப்பிள்ளை தன் கடையையே விற்க வேண்டும். அவரிடம் இருந்தது ஓடாத பழைய புல்லட் ஒன்றும், ஏலச்சீட்டு எடுத்த கொஞ்சம் பணமும்தான். ரஞ்சிதா அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, அவுரு உங்ககிட்டக் கேக்கக் கூச்சப்படறாருங்க. நீங்களே செஞ்சு குடுத்துருங்கண்ணா. எனக்கு உக்கார எடமில்லாத வண்டிதான். இருந்தாலும் ஆசப்படறாரு பாவம்."

தங்கை கேட்டால் இளவழகன் மாட்டேன் என்பானா? காளியண்ணனிடம் கேட்டுப் பட்டறையில் ஒரு மூலையை வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. முன்விளக்கு பழைய டிராக்டரில் கழற்றியது. பின்விளக்கு லாரி ஓரத்தில் எரிகிற சிவப்பு விளக்கு. சீட்டுக்கு அடியில் பழைய சைக்கிள் சீட்டு ஸ்பிரிங் இரண்டு. மேலே லாரி கேபினுக்குச் சீட்டுத் தைக்கிற குணசீலன் மிச்சம் விழுந்த ரெக்ஸினில் தைத்துக் கொடுத்தான். பெட்ரோல் டேங்க் ஒடுக்கு விழுந்து பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதைத் தட்டித் தட்டி எடுத்தபோது முட்டை மாதிரி வழவழவென்று வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, கைவேலை என்றால் அது கைவேலை.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. பின்பக்கச் சேஸிஸுக்கு வேண்டிய குழாய். கனமான குழாயாகச் சேலத்துக்குப் போய்த் தேடி, அளவுக்கு அளவு வாங்கி வந்தார் மாப்பிள்ளை. கையிலிருந்த பணம் அதோடு சரி.

ஆனி மாதம் முடிகிற சமயம். ஆடி பிறந்துவிட்டால் புது வண்டியைத் தொடுவார்களா? ஆவணி வரைக்கும் காத்துக் கிடக்க மாப்பிள்ளைக்குப் பொறுமை இல்லை. ஆனி கடைசி நாளன்று சாயங்காலம் நல்ல நேரத்தில் பட்டறையிலேயே எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுப்பதென்று முடிவாயிற்று. பெயின்ட் காய ஒரு நாளாவது வேண்டும். ஆக முந்தின நாளே வெல்டிங் முடிந்தாக வேண்டும்.

அந்த முந்தின நாள்தான் கிரகம் பிடித்தது. இளவழகன் குழாயை அறுத்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார். "மச்சான், எப்படி வருது?" என்றார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "பாருங்க மாப்ளை, ஏற்காட்டுக்கே இப்படி ஒரு வண்டி ஏறியிருக்காதுங்க," என்று இவன் அளந்துகொண்டே அறுத்தான். பேச்சு முடிந்து பார்த்தால், செயின் போகிற பக்கத்துக் கீழ்க்குழாய் நாலு விரல் குட்டை.

வேறு குழாய் இல்லை. அறுத்து விழுந்த துண்டை ஒட்டுவதுதான் வழி. ஒட்டுவது ஒன்றும் பாவமில்லை; பட்டறையில் தினமும் நடப்பதுதான். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. குழாய்க்கு உள்ளே இறுக்கமாகப் போகிற மாதிரி ஓர் இரும்புத் துண்டைக் கடைந்து செருகி, அதோடு சேர்த்துத்தான் இரண்டு பக்கத்தையும் பற்ற வைப்பார்கள். அப்புறம் அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் பெயின்டில் ஒரு வளையம் போடுவார்கள். இங்கே ஒட்டு இருக்கிறது, ஒரு கண் வைத்துக்கொள் என்று டிரைவருக்குச் சொல்லுகிற அடையாளம் அது. காளியண்ணன் பட்டறையில் மஞ்சள் போடாமல் ஒட்டுப் போட்டவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டியதில்லை.

அந்தத் துண்டைக் கடைந்து வாங்க இளவழகன் லேத்துப் பட்டறைக்கு ஓடினான். ஆடிக்கு முன்னால் முடித்துத் தரச் சொல்லி அங்கே ஊர்ப்பட்ட வேலை குவிந்து கிடந்தது. "நாளன்னிக்கு வாப்பா," என்று சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். 'குழாய் குட்டையாப் போச்சுங்க, ஆவணியில எடுத்துக்கலாம்.' ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், அது கல்யாணத்தன்று நடந்த கதை.

சீர்வரிசைக்கு வைத்த இரும்புக் கட்டிலை இளவழகன்தான் தன் கையால் செய்தான். அதில் ஒரு காலில் ஒட்டு விழுந்தது. பட்டறைப் பழக்கத்தில் அதற்கும் மஞ்சள் வளையம் போட்டுவிட்டான். மண்டபத்தில் சீரைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா சென்னியம்மாள் கட்டில் காலைத் தடவிப் பார்த்து, "இதென்னுங்க, கட்டலுக்கும் சேத்துத் தாலி கட்டிப்போட்டீங்களா?" என்றாள். மண்டபமே சிரித்தது. அந்தம்மா வேடிக்கையாகத்தான் சொன்னாள், அப்போதே மறந்தும் போனாள். இளவழகன் மறக்கவில்லை. பெண் கொடுத்த வீட்டில் எல்லாமே ஒட்டுப் போட்டதுதான் என்று ஊரே சொன்னதுபோல் அவனுக்கு முகம் எரிந்தது. இனிமேல் அந்த வீட்டு வாசலில் என் கையால் ஒட்டுப் போட்ட சாமான் இறங்காது என்று அன்றைக்கே மனசுக்குள் சபதம் எடுத்தவன் அவன்.

ஆக, உள்ளே ஒன்றும் வைக்காமல், துண்டை அப்படியே முட்ட வைத்துப் பற்ற வைத்தான். கிரைண்டரால் மேடு தெரியாமல் இழைத்தான். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்தான். மஞ்சள் வளையம் போடவில்லை. அவனுடைய கைத்திறமை முழுவதும் அந்த நாலு விரல் இடத்தை மறைப்பதில் செலவாயிற்று.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை மாலையோடு வந்தார். கூட ரஞ்சிதாவும் வந்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே குனிந்து குழாயைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஒரு ஜாயின்ட்டுகூடத் தெரியலீங்களே மச்சான்! அப்படியே வார்த்து எடுத்தாப்ல இருக்குது!"

இளவழகன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவனுக்கே தன்னை ஓங்கி அறைய வேண்டும்போல் இருக்கும்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி பட்டறையை விட்டு வெளியேறியது. காளியண்ணன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து இளவழகனுக்குச் சோறு இறங்கவில்லை. சமமான ரோட்டில்தானே ஓட்டுகிறார், சேலத்துக்கும் வீட்டுக்கும் போய்வருவதற்கு அது தாங்கும், ஆடி முடியட்டும், சர்வீஸ் என்று சொல்லி வண்டியை வாங்கிக் குழாயை மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. இப்படி மனசுக்குள் அவன் ஓட்டின கணக்கு இருக்கிறதே, திருடன்கூட அத்தனை யோசிக்க மாட்டான்.

ஆடி ஒன்றாம் தேதி, இளவழகனின் சொந்த ஊரான மோகனூரில் அவர்கள் தெருவில் தேங்காய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் துளைத்து வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் போட்ட தேங்காயைக் குச்சியில் செருகி நெருப்பில் காட்டுகிற வாசனை தெருவெல்லாம் மணந்தது. ரஞ்சிதாவின் போன் வந்தது.

"அண்ணா, அங்க தேங்கா சுட்டாச்சுங்களா? இங்க அவுரு வண்டியத் தொடைக்கறதே வேலையாத் திரியறாரு. வர்ற ஞாயித்துக்கெழம சிநேகிதங்களோட மலைக்குப் போறாராம். கொண்டை ஊசி வளைவுல சாச்சுத் திருப்பணுமாம், காலையில இருந்து அதே பேச்சு."

இளவழகன் கண்ணுக்கு முன்னால் அந்தக் குழாய்தான் நின்றது. ஏற்றத்தில் செயின் இழுக்கிற இழுப்பு, வளைவுக்கு வளைவு சாய்கிற பாரம், ஷாக் அப்சார்பர் இல்லாமல் நேராகக் குழாயில் இறங்குகிற அடி. எல்லாம் அந்த நாலு விரலுக்குத்தான் போய்ச் சேரும். அது விட்டுவிட்டால் பின்சக்கரம் கோணிக்கொள்ளும். மலைப்பாதையில் கோணிக்கொண்டால் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

சனிக்கிழமை மாப்பிள்ளைக்குப் போன் போட்டான். சொல்லிவிடுவது என்றுதான் போட்டான். மாப்பிள்ளை "சொல்லுங்க மச்சான்!" என்று அத்தனை சந்தோஷமாக எடுத்தார். இவன் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"மாப்ளை, அது வந்துங்க… இஞ்சின் ஆயில் மாத்தோணும். மாத்தாம மலைக்குப் போவ வேண்டாங்க."

"நேத்தே மாத்திட்டனுங்களே! நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

போனை வைத்துவிட்டான். அட கிரகமே! ஆயிலாம், ஆயில்!

ஞாயிற்றுக்கிழமை காலை பையில் இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடும் ஸ்பானர்களும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். அப்போதும் உண்மையைச் சொல்வதாக எண்ணமில்லை. 'செயின் டைட் பண்ணோணும், பட்டறைக்கு எடுத்துட்டுப் போறேன்' என்று ஒரு பொய்யை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். சேலத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி போய்ச் சேர்ந்தால், வாசலில் வண்டி இல்லை.

"வெடியால வெள்ளனவே கெளம்பிட்டாருங்கண்ணா," என்றாள் ரஞ்சிதா. "நீங்க வாரேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இருக்கச் சொல்லியிருப்பேன்ல?"

போனில் கூப்பிட்டால் மலையில் டவர் இல்லை. இளவழகன் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே வரச் சொன்னாலும் போகவில்லை. கோழிக்குழம்பு ஊற்றித் தட்டைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எம் மச்சான் செஞ்சது" என்று வண்டியைக் காட்டுவதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சொல்லிவிடலாம் என்று இவன் வாயைத் திறந்தான். மென்று விழுங்கினான்.

ஓர் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு மலைப்பக்கம் போனது. தட்டு கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது.

"என்னங்கண்ணா ஆச்சு? மேலுக்குச் சரியில்லையா?" என்று ரஞ்சிதா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்வையில் நனைந்திருந்தது. அவனுக்கு அவள் கழுத்துத் தாலியைப் பார்க்கத் திராணியில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாமி, அந்த ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிடு, எல்லாத்தையும் சொல்லிவிடுகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு வேண்டினான்.

வெயில் சாய்வதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. டப டப என்று, தெருவே அதிர. மாப்பிள்ளை வந்து இறங்கினார். முகமெல்லாம் புழுதி, வாயெல்லாம் பல்.

"மச்சான்! எப்ப வந்தீங்க? அட, என்ன வண்டிங்க இது! கல்லு மாதிரி நின்னுச்சு! மேல எல்லாரும் சுத்திக்கிட்டாங்க போங்க!"

இளவழகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் கூடவே வேறொன்றும் வந்தது பாருங்கள்: ஒன்றும் ஆகவில்லையே, இனி எதற்குச் சொல்லுவானேன்? வேண்டிக்கொண்டு இன்னும் நெற்றி வேர்வைகூடக் காயவில்லை, அதற்குள் மனுஷ மனசு போகிற போக்கைப் பாருங்கள். சும்மா பார்ப்பதுபோல வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினான். அந்த இடம் அவன் ஒருத்தனுக்குத்தானே தெரியும். கறுப்புப் பெயின்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, குழாயைப் பாதி சுற்றி ஓடியிருந்தது. நகத்தை வைத்தான். நகம் உள்ளே இறங்கியது.

அப்போதும் அந்தப் பொய் வாய்நுனியில் தயாராக இருந்தது. செயின் டைட் பண்ணோணும்.

அதற்குள் சென்னியம்மாள் கையில் உப்பும் மிளகாயுமாக வெளியே வந்தாள். "ஊருக் கண்ணே எம் பையன் மேலயும் வண்டி மேலயும்தான் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே மகனுக்கும் வண்டிக்கும் சேர்த்துச் சுற்றினாள். சுற்றிவிட்டு இவனைப் பார்த்தாள்.

"நீயும் வந்து நில்லு சாமி. வண்டியச் செஞ்ச கையி, அதுக்கும் ஒரு சுத்துச் சுத்திப் போடறேன்."

மிளகாய்க் கை தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் இளவழகன் ஓர் எட்டு பின்னால் நகர்ந்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேண்டாங்கத்தை. எனக்குச் சுத்தாதீங்க." மாப்பிள்ளை பக்கம் திரும்பினான். "மாப்ளை, இந்த வண்டியில ஒட்டு இருக்குதுங்க. நான் மறைச்சுட்டேன். இப்ப விட்டுப்போச்சு."

மாப்பிள்ளை விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். இளவழகன் பையைத் திறந்து ஆக்சா பிளேடை எடுத்தான். தரையில் உட்கார்ந்து அந்தக் கோட்டின் மேலேயே வைத்து அறுத்தான். நாலு இழுப்புக்குக்கூடத் தாங்கவில்லை. குழாய் இரண்டாகப் பிரிந்து வாயைப் பிளந்தது.

சபரிநாதன் குனிந்து ஆள்காட்டி விரலை அதற்குள் விட்டார். விரல் முழுவதும் போயிற்று.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே மச்சான்," என்றார்.

"இருந்திருக்கோணுங்க. இரும்பு வெச்சுத்தான் ஒட்டோணும். நான் வெக்கல."

மாப்பிள்ளை விரலை எடுத்துக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தார். "எறங்கறப்ப ஒரு வளைவுல பின்னால சித்த ஆடுச்சுங்க. ரோடுதான் சரியில்லன்னு நெனச்சேன்," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

சென்னியம்மாள் மகன் பக்கத்தில் போய் நின்று அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இப்போது திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று இளவழகன் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அந்தம்மா கேட்டது வேறு.

"ஏஞ் சாமி, எதுக்கு மறைக்கோணும்? கல்யாணத்துக்குக் குடுத்த கட்டல்லயும்தான் ஒட்டு இருக்குது. மஞ்சக் கலர் அடிச்சது. நாந்தான் அதுல படுக்கறேன். இன்னிக்கி வரைக்கும் ஒரு கிறீச்சுனு சத்தம் போட்டதில்லையே."

அவளுக்குத் தான் சொன்ன கேலி ஞாபகத்திலேயே இல்லை. அதற்காகத்தான் மறைத்தேன் என்று சொல்ல இளவழகனுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அதுவும் அடுத்தவர் மேல் பழி போடுவதாகத்தான் ஆகும்.

வண்டியை ஏற்றிப்போக ஒரு குட்டியானை லோடு வண்டி வந்தது. மாப்பிள்ளையே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். நல்ல மனுஷன், கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது. "புதுக் குழாய் வாங்கித் தாரேனுங்க. பத்தலன்னா ஒட்டிக்குங்க மச்சான், அதுனால என்ன. ஆனா எனக்குத் தெரியற மாதிரி மஞ்சள அடிச்சுருங்க," என்றார். இளவழகன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். விட்டது சனியன் என்று ஒரு மூச்சு வந்தது.

ரஞ்சிதா படியில் சிந்திக் கிடந்த சோற்றை வழித்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் குட்டியானையில் ஏறப் போகும்போது எழுந்து வந்தாள்.

"ஏனுங்கண்ணா, சனிக்கெழம நீங்க போன் பண்ணி ஆயில் மாத்தச் சொன்னது இதுக்குத்தானுங்களா?"

"ஆமா அம்மிணி."

"காலையில இருந்து எம் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே. அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"அவுரு நல்லபடியா வந்துட்டாரு. பெயின்டுல அந்தக் கோடு விழாம இருந்திருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால்குடி மறந்த நாளிலிருந்து அண்ணன் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பின முகம் அது. அந்த முகத்துக்கு முன்னால் அவனால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியல அம்மிணி," என்றான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள்.

வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு இளவழகன்தான் வந்து தங்கையையும் மாப்பிள்ளையையும் மோகனூருக்கு அழைத்துப் போவான். அண்ணன் வந்து கூப்பிடாமல் அவள் ஒரு தடவைகூடப் புறப்பட்டதில்லை. பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார வைத்து, காவிரியில் அவள் கும்பிடுகிற வரைக்கும் பை பிடித்துக்கொண்டு நிற்பதில் அவனுக்கு அத்தனை பெருமை.

"பதினெட்டுக்குக் கூப்பிட நீங்க வர வேண்டாங்கண்ணா," என்றாள் ரஞ்சிதா. "நாங்களே பஸ் ஏறி வந்துக்கறோம்."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டிரைவர் ஹாரன் அடித்தான். இளவழகன் பின்னால் ஏறி, அறுத்த குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நாமக்கல் வரைக்கும் வண்டி பக்கத்திலேயே நின்றுகொண்டு போனான்.